தெளிந்திருந்த சாம்பிள்

மேஸ்திரி கண்ணாயிரம் ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் நங்கென்று வைத்தார். மரக்காணம் உப்பளத்தில் அன்று நிரந்தர வேலைக்கான மருத்துவ முகாம். மற்றப் பெண்களின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்க, சாலம்மாளுடையது மட்டும் பச்சைத் தண்ணீராகத் தெளிந்திருந்தது.

"தண்ணி ஊத்திக் குடுத்துட்டாங்க. லிஸ்ட்லேர்ந்து பேரை அடிக்கப் போறேன்," என்றார்.

வாசலில் நின்ற சாலம்மாளுக்குக் கண் கலங்கியது. பதினோரு வருஷமாகக் காத்திருந்த வேலை அது.

லேப் டெக்னீஷியன் ஞானாம்பாள் நிதானமாகச் சாம்பிளைக் கருவியில் வைத்துப் பார்த்தார். முகாம் வண்டி ஓட்டும் கலையரசனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. துப்புத் துலக்குவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஞானாம்பாள் சொன்னதும் சாலம்மாளின் கூடையை ஓடிப்போய் எடுத்துவந்தான். அதில் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலும், பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டையும் இருந்தன.

ஏன் குடிக்கவில்லை என்று கேட்டதற்கு, அளத்தில் பெண்கள் ஒதுங்க இடமில்லை, அதனால் வீடு திரும்பும்வரை யாருமே குடிப்பதில்லை என்றாள் சாலம்மாள். இடுப்பு வலிக்கு நாலு வருஷமாகக் காலையும் ராத்திரியும் மாத்திரையாம்.

"அக்கா, வேற ஆளோடதைக் குடுத்திருப்பாங்களோ?" என்றான் கலையரசன்.

"மத்தவங்களோடது எல்லாம் கடுங்காப்பி நிறம். யாருகிட்டப்பா கடன் வாங்குறது?"

கலையரசன் அசடு வழிந்தான். ஞானாம்பாள் மேஸ்திரியிடம் திரும்பினார்.

"இவங்க உப்புப் பாத்தியிலேர்ந்து நேரா இங்கதான் வந்தாங்க. குடிதண்ணி பாட்டிலைத் திறக்கவேயில்ல. பாத்தித் தண்ணியை ஊத்தியிருந்தா, நீங்க உப்புத்தண்ணி எவ்வளவு கெட்டின்னு டிகிரி பாக்கற மாதிரி என் கருவியிலயும் உப்பு எகிறியிருக்கும். எகிறல. எதையும் ஊத்தலங்க. இது அவங்களோடதுதான்."

பிறகு விளக்கினார். கருவாட்டுக்குப் போடும் உப்பு மீனிலிருந்து நீரை இழுக்கிறதல்லவா? சிறுநீரகத்தின் உட்பகுதியும் உப்பேறிக் கிடக்கிறது. ஆழம் போகப்போக உப்பு கூடும். சிறுநீர் அதன் வழியாகக் குழாயில் இறங்கும்போது, அந்த உப்பு நீரை இழுத்து உடம்புக்கே திருப்பித் தருகிறது. தண்ணீர் குடிக்காதவர்களுக்குச் சிறுநீர் கெட்டியாவது அதனால்தான். சாலம்மாளுக்கு அந்த இழுப்பு குறைந்திருக்கிறது. மாத்திரை மேல்தான் சந்தேகம் என்றார்.

"இவங்க ஏமாத்தல, இந்த சாம்பிள் நோவைக் காட்டிக்குடுத்திருக்கு. சீக்கிரமே தெரிஞ்சிடுச்சு. மாத்திரையை நிறுத்திட்டு ரத்தம் பாத்து டாக்டர்கிட்ட காட்டினா தேறிடலாம். வேலைக்கு ஒரு தடையும் இல்ல."

சாலம்மாள் முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். இந்த முறை அது நிம்மதி.

மேஸ்திரி லிஸ்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பேரை அடிக்கல மேடம்," என்றார். "என் சம்சாரம் அடுத்த பாத்தியில இருக்குது. லிஸ்ட்ல இல்ல. அதுவும் இதே மாத்திரைதான் போடுது. அதுக்கும் பாத்துடுறீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல், மனைவியைக் கூப்பிட வெயிலில் இறங்கி வரப்பில் நடந்தார்.