கரண்ட் இல்லாத கம்பிக்குக் கீழே

சாத்தூரைத் தாண்டியதும் உச்சிவெயில் தண்டவாளத்தில் வெள்ளையாகக் கொதித்தது. நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில், ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்தது. எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டதும் டிரைவர் சீனிவாசகம் முன்னாலிருந்த தண்டவாளத்தையே உற்றுப் பார்த்தார்.

பலகைக்கு அப்பால் நியூட்ரல் செக்‌ஷன். தலைக்கு மேலே போகும் கம்பியில் அந்தச் சிறு தூரத்துக்கு மட்டும் கரண்ட் கிடையாது. எஞ்சினை அணைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே வண்டியை உருளவிட்டுக் கடக்க வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் அப்புறம் நகர வழியில்லை.

போன மாதம் அவர் நின்றுவிட்டார்.

தண்டவாளத்தின் நடுவே ஒரு பெண் கையை ஆட்டி மறித்தாள். பதறிப்போய் பிரேக்கைப் போட்டார். இறங்கிப் பார்த்தால் ஒரு குருவிகூட இல்லை. உதவி டிரைவர் அனுப்பிரியாவும், "நான் யாரையும் பாக்கல சார்" என்றாள். டீசல் எஞ்சின் வந்து இழுக்கும்வரை, பின்னால் வந்த ரயில்களெல்லாம் வெயிலில் காய்ந்தன. விருதுநகர் நடைமேடையில், அத்தனை பேர் பார்க்க, குடித்திருக்கிறாரா என்று குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். சாராயத்தைத் தொட்டறியாத மனுஷர் ஊதினார்.

"அண்ணாச்சிக்குப் பட்டப்பகல்லயே மோகினி தட்டுப்பட்டிருக்கா" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு வீட்டுக்குள்ளும் அவர் கூடவே வந்துவிட்டது.

இன்றும் பக்கத்தில் அனுப்பிரியாதான். அவள் பலகையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அவர் எஞ்சினை அணைத்தார்.

இரைச்சல் அடங்கியது. கீழே சக்கரங்கள் மட்டும் முனகின. மூடிய கேபினுக்குள் எங்கிருந்தோ கந்தக நெடி ஏறியது.

அந்தப் பெண் நின்றிருந்தாள்.

அதே இடம். முந்தானை காற்றில் அசையவில்லை. கை மட்டும் ஆடியது.

சீனிவாசகம் ஹாரனை அழுத்திப் பிடித்தார். அவள் விலகவில்லை.

"சார்..." அனுப்பிரியா கண்ணாடியோரம் குனிந்தாள். "யாரோ நிக்காக சார்!"

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் மனுஷியேதானா? பிரேக் போட்டால் வண்டி நின்றுவிடும் தூரம்தான். ஆனால் அவர் கண்ணுக்கு முன்னால் அந்தக் குழாய் வந்தது. சிரித்த பற்கள் வந்தன. அனுப்பிரியா தன் பக்கத்து அவசர பிரேக்கை நோக்கிக் கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. ஒண்ணுமில்ல."

அவள் திமிறினாள். அவர் விடவில்லை.

வண்டி உருண்டது.

மோதிய சத்தம் இல்லை. அதிர்வு இல்லை.

பிறகு, அவர் காதோரத்தில், மூச்சு படுகிற கிட்டத்தில், கேட்டறியாத ஒரு பெண்குரல்:

"அன்னைக்கு நிப்பாட்டுனீகளே. இன்னைக்கு ஏன் நிப்பாட்டல?"

கரண்ட் திரும்பியது. எஞ்சின் உறுமியது. கேபினில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

விருதுநகரில் இறங்கி எஞ்சினின் முகப்பைப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. அனுப்பிரியா சிவந்த மணிக்கட்டைத் தடவியபடி நின்றாள்.

"மனுஷியாவே இருந்திருந்தா, சார்?"

அவருக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பேய்க்குப் பயந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நாலு பேர் சிரிப்புக்குப் பயந்தல்லவா ஓர் உயிர் மேல் வண்டியை ஏற்றத் துணிந்தார்!

தானே அதிகாரியிடம் போய், "ஆளைப் பாத்தேன். பாத்தும் நிப்பாட்டல" என்று சொன்னார். ஆட்கள் போய்த் தேடிவிட்டு வந்தார்கள். கருவேல முள்ளைத் தவிர ஒன்றுமில்லை என்றார்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போனது. மேலே மின்விசிறி, ஓடிய வேகத்தில் கொஞ்சம் சுற்றி, மெல்ல மெல்ல ஓய்ந்தது.

வாசல் பக்கமிருந்து மனைவி செல்லக்கனி குரல் கொடுத்தாள்.

"ஏங்க, தெருவுல ஒரு பொம்பள நிக்கா. யாருன்னு கேட்டா பேச மாட்டேங்கா. உங்களப் பாத்து கைய மட்டும் ஆட்டுதா."

சீனிவாசகம் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.