சாய்த்து வைத்த நாற்காலி

இந்த அம்மாள் அழுதுவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள் லியோகாடியா. அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம், காத்திருக்கலாம். அழாதவர்கள் எதையோ வைத்துவிட்டுப் போவதற்காகவே வருகிறார்கள். பிறகு அது நம்முடையதாகிவிடுகிறது.

எதிரே டோன்யா ஒர்த்தென்ஸியா கறுப்புக் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டுப்படைத் தலைவர் ஜெனரல் லாந்தீவரின் மனைவி. இந்த வாரம் விதவையானவள்.

"என் வீட்டுக் கதவுல சிவப்புப் பெயின்ட் ஊத்திட்டுப் போயிருக்காங்க, டாக்டரம்மா. கொலைகாரன்னு எழுதியிருக்காங்க. அவங்க மேல எனக்குக் கோபமில்ல. சோராமாயு சுரங்கத்துல அவங்க பிள்ளைங்க செத்திருக்கு. ஆனா சுடச் சொல்லி என் புருஷன் தானா உத்தரவு போட்டிருக்க மாட்டார். வீட்டுல நான் உட்காராம ஸ்பூனைக்கூடத் தொடமாட்டார் அந்த மனுஷன்."

"படை வானொலியில சுடச் சொன்னது அவரோட குரல்தானே அம்மா?"

"அவரோடதுதான். குரல் யாரோடதுன்னு நான் கேக்க வரல. அந்தக் குரலுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னு கேக்கறேன்."

அவள் போன பிறகும் அறையில் கற்பூரத் தைலத்தின் வாசனை இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலைநகரத்தின் மேல் ஆலங்கட்டி மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் சட்ட ஆய்வாளர் லியோகாடியா அரான்சிபியா. வழக்கறிஞர் என்பதால் அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் டாக்டரம்மா. அவள் மேசையில் ஏற்கெனவே தட்டச்சு செய்த அறிக்கை ஒன்று காத்திருந்தது. வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்மீது சுட ஜெனரல் யாரையும் கேட்காமல் உத்தரவிட்டார், சாவுச் செய்தி வந்ததும் மாரடைப்பால் இறந்தார் என்றது அது. மாலைக்குள் அவள் கையெழுத்திட்டால் எல்லாப் பழியும் ஒரு சவப்பெட்டியோடு மண்ணுக்குள் போய்விடும். யாருக்கும் வலிக்காது, வலிக்கத் தெரிந்தவர்களைத் தவிர.

கூட்ட அறைச் சாவியோடு சார்ஜென்ட் ஃப்ரொய்லான் சோக்கே வந்தார். தின்றுகொண்டிருந்த சால்தேன்யா என்ற இறைச்சிப் பணியாரத்தின் குழம்பு அவர் சட்டைக் கையில் வழிந்திருந்தது.

"துடைங்க சார்ஜென்ட். ஜெனரல் செத்த அறைக்குப் போறோம்."

"செத்தவர் இருந்திருந்தா ஒண்ணு கேட்டிருப்பார் டாக்டரம்மா. அவருக்கு ரொம்பப் பிடிக்கும்." சிரித்தார். பிறகு சிரித்ததற்காகத் தொப்பியைக் கழற்றினார்.

அறை நீளமானது. நடுவே அறையளவுக்கு நீண்ட மேசை. தலைப்பக்கத்தில் அமைச்சரின் நாற்காலி முன்னே சாய்ந்து, நெற்றியை மேசைவிளிம்பில் முட்டுக்கொடுத்து நின்றது. அமைச்சர் கட்டிடத்தில் இல்லாத நாளில் அப்படித்தான் வைப்பார்கள். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. படைத்தலைவர்கள் அதில் உட்கார்ந்து பார்த்த காலங்களை இந்த நாடு மறக்கவில்லை.

"கதவைத் திறந்து முதல்ல பார்த்தது நீங்கதானே?"

"காபி எடுத்துட்டு வந்தேன். அமைச்சர் ஊர்ல இல்லைன்னு சொல்லியிருந்தாங்க. அவர் இல்லாத நாள்னா எனக்கு எரிச்சலா இருக்கும் டாக்டரம்மா. தட்டை அந்தக் கடைசி வரைக்கும் தூக்கிட்டுப் போகணும், கை விட்டுப்போகும். அன்னைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கல. இதோ, இங்கேயே இருந்தார்." சாய்ந்த நாற்காலியின் வலப்பக்க இருக்கையைத் தொடாமல் காட்டினார். "தலை மேசை மேல. தொப்பி முன்னாடி. ஒரு கை இப்படி நீண்டிருந்தது."

"எதை நோக்கி?"

"மணியைத்தான் தேடியிருப்பார் போல. அழைப்பு மணி எப்பவும் அமைச்சர் நாற்காலி முன்னாடிதான் இருக்கும். ஆனா அன்னைக்கு அது அங்க இல்ல. ஜன்னல் மாடத்துல இருந்தது."

மாடத்தில் பித்தளை மணி இன்னும் இருந்தது. யாரும் எதையும் நகர்த்தவில்லை. மாரடைப்புக்குப் பிறகு அவருக்குச் சற்று நேரம் உயிர் இருந்திருக்கும் என்று படை மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தச் சற்று நேரத்தை லியோகாடியா நினைத்துப்பார்த்தாள். எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்.

"துணை அமைச்சர்தான்," என்றார் ஃப்ரொய்லான் தாழ்ந்த குரலில். "அன்னைக்குக் கட்டிடத்துல இருந்த ஒரே பெரிய சிவில் ஆள். அவர்தான் வந்து ஜெனரலை ஏத்திவிட்டிருக்கணும். எனக்கு அந்த மீசையே பிடிக்காது."

"மீசையை விடுங்க. துணை அமைச்சர் கையில என்ன இருக்கு?"

"நிதி. கொள்முதல். சட்ட வரைவு."

"படை?"

"ஒரு சமையல்காரனைக்கூட அனுப்ப முடியாது. குடியரசுத் தலைவர், அமைச்சர், ஜெனரல், பிறகு படை. நடுவுல அவருக்கு இடமே இல்ல."

"அப்ப ஜெனரல் அவருக்காக நாற்காலி மாறி உட்கார்ந்திருப்பாரா?"

ஃப்ரொய்லான் பதில் சொல்ல வாயெடுத்தார். மேசையின் தொலைவான முனையைப் பார்த்தார். சாய்ந்த நாற்காலியைப் பார்த்தார். அவர் முகத்தில் நிறம் மாறியது. "மாதாவே," என்று தேவமாதாவை அழைத்தார்.

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. என்கூட நில்லுங்க, போதும்."

மாலையில் கையெழுத்து வாங்க அமைச்சர் கஸ்தோன் உரியோஸ்தே தன் மின்தூக்கியில் வந்தார். அடித்தளத்திலிருந்து அந்த அறைக்கு ஏறும் அது அவருக்கு மட்டுமானது. அதில் வருவதும் போவதும் காவலர்கள் கண்ணில் படாது. சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தித் தானே உட்கார்ந்தார். அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். இறந்தவரின் இருக்கையைத் தவிர்த்து, அதற்கு அடுத்ததில் லியோகாடியா அமர்ந்தாள். வெளியே ஆலங்கட்டி விழத் தொடங்கியது.

"பாவம் லாந்தீவர். நல்ல மனுஷன், அவசரக்காரர். நான் அன்னைக்குப் பள்ளத்தாக்குல, என் தங்கச்சி வீட்டுல இருந்தேன். இருந்திருந்தா தடுத்திருப்பேன்."

"ஒரே ஒரு சந்தேகம் ஐயா. நீங்க இல்லாத நாள்ல ஜெனரல் எங்க உட்காருவார்?"

"இங்கதான்." கையை நீட்டி வலப்பக்க இருக்கையின் முதுகைத் தட்டினார். "எப்பவும் இங்கதான்."

சுவரோரம் நின்றிருந்த ஃப்ரொய்லானின் பூட்ஸ் ஒருமுறை கீச்சிட்டது. அமைச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல ஐயா," என்றாள் லியோகாடியா. "நீங்க இருக்கும்போதுதான் அங்க. நீங்க இல்லாதபோது அவர் அதோ அந்தக் கடைசியில போய் உட்காருவார். காலியா இருக்கற தலைமை நாற்காலி பக்கத்துல ஒரு படைக்காரர் உட்கார்ந்தா, அவருக்கு அது மேல கண்ணுன்னு அர்த்தம். இந்தக் கட்டிடத்துல சீருடை போட்ட ஒவ்வொருத்தருக்கும் இது தெரியும். யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க, சொல்ல வேண்டிய அவசியமும் வந்திருக்காது."

அமைச்சர் அந்த இருக்கையின் முதுகிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"நாற்காலியைச் சாய்க்கணும்னு உங்களுக்குத் தெரியும். உள்ளே வரும்போதெல்லாம் சாய்ஞ்சிருக்கறதைப் பார்க்கறீங்க, இப்ப நிமிர்த்தின மாதிரியே நிமிர்த்தறீங்க. ஆனா நீங்க இல்லாத கூட்டத்தை நீங்க ஒருநாளும் பார்த்ததில்ல. அதனால அன்னைக்குப் போகும்போது நாற்காலியை மட்டும் சாய்ச்சீங்க. அவரை எங்க விட்டுட்டுப் போறோம்னு யோசிக்கல. ஜெனரலுக்கு மேல ரெண்டே பேர். குடியரசுத் தலைவர் வெளிநாட்டுல இருந்தார், ஊரே தொலைக்காட்சியில பார்த்தது. பக்கத்துல உட்காரவச்சு உத்தரவைச் சொல்லிக்கொடுக்க மிச்சம் ஒருத்தர்தான். சீருடை போட்ட ஆள் சாய்ச்சிருந்தா, தொப்பியோட அவரையும் அந்தக் கடைசிக்கு நகர்த்தியிருப்பான்."

"ஒரு நாற்காலி கோர்ட்டுல சாட்சி சொல்லாது, டாக்டரம்மா."

"சொல்லாது ஐயா. அவர் கைக்கு எட்டாம மணியை மாடத்துக்கு யார் நகர்த்தினாங்கன்னு நான் இன்னும் கேக்கவே இல்ல."

ஆலங்கட்டியின் சத்தம் கூரை முழுக்கப் பரவியது. உரியோஸ்தே ஜன்னல் மாடத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவர் கழுத்து படும் பாட்டை லியோகாடியா கண்டாள். இந்த மனிதரும் இனி ஒவ்வொரு அறையிலும் ஒரு மணியைப் பார்க்காமலிருக்கப் பழக வேண்டும் என்று தோன்றியது. அதற்காக அவளுக்கு இரக்கம் வரவில்லை. வராதது அவளையே சற்றுத் திடுக்கிட வைத்தது.

அவர் பேனாவின் மூடியைத் திருகிக் கழற்றி அவள் முன் வைத்தார். குரல் அன்பாக இருந்தது.

"செத்தவருக்கு இனி என்ன கெட்டுப்போகுது? உங்க தம்பி வடக்கு எல்லைக் காவல்ல இல்ல? ராத்திரி ரோந்து போறவங்களை எனக்குத் தெரியும். யார் போகணும்னு நாங்கதான் முடிவு பண்றோம். போடுங்க. நானும் மறந்துடறேன்."

தம்பி. சென்ற மாதம்தான் கம்பளிக் காலுறை அனுப்பச் சொல்லி எழுதியிருந்தான். இன்னும் பின்னி முடிக்கவில்லை. சிவப்புப் பெயின்ட் வழிந்த கதவு நினைவுக்கு வந்தது. மகனைப் புதைத்துவிட்டு அதற்காக யாரைத் திட்டுவதென்று தவறாகக் கற்றுக்கொடுக்கப்பட்ட தாய்மார்களும் நினைவுக்கு வந்தார்கள். பயம் அவளுக்குள் குளிர்ந்த கல்லாகக் கிடந்தது. கல் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அதை எடுத்தெறிந்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டுமென்றால், யாரும் ஒருநாளும் எழுந்திருக்கப்போவதில்லை.

பேனாவை மூடி, அதை அறிக்கையின் மேல் நேராக வைத்தாள். எழுந்தாள். ஃப்ரொய்லான் கேட்காமலேயே கதவைத் திறந்து பிடித்தார்.

"டாக்டரம்மா, உட்காருங்க."

"மன்னிக்கணும் ஐயா, இந்தக் கையெழுத்துக்கு நான் கட்டிடத்துல இல்ல," என்றாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இரு கைகளாலும் பிடித்து, சத்தம் வராமல், முன்னே மேசையில் சாய்த்து வைத்தாள்.