விழ விட்ட வகுப்பு

'ஏந்தி' என்ற தகடு வந்த பிறகு தூத்துக்குடியில் எதுவும் கீழே விழுவதில்லை. கூரை முதல் தெருவிளக்கு வரை பதித்திருந்த அந்தத் தகடு, சரியத் தொடங்கும் எதையும் கண்ணுக்குத் தெரியாத அலைகளால் தாங்கிக்கொள்ளும். மேசைக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் காப்பி டம்ளரை வைப்பது ஊர்ப் பழக்கமாகிவிட்டது.

ஜெசிந்தா டீச்சர் தன் ஐந்தாம் வகுப்பில் மட்டும் ஏந்தியை நிறுத்தினார். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு தாளைப் பாலமாக வைத்து, அதன்மேல் ஓர் அகராதியை வைக்கச் சொன்னார். பாலம் தொப்பென்று விழுந்தது. பிறந்ததிலிருந்து எதுவும் விழுந்து பார்த்திராத பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். பெற்றோர் சும்மா இருப்பார்களா? புகார் போயிற்று. மூன்றாம் வாரம், வகுப்பை இழுத்து மூட நகரக் கட்டுமான ஆய்வாளர் பாண்டுரங்கன் வந்து நின்றார்.

"பிள்ளைங்கள அழ வச்சு அப்படி என்னத்த சொல்லிக்குடுத்தீங்க?"

"அவங்களே காட்டுவாங்க சார்." சொல்லிவிட்டு ஜெசிந்தா புத்தக அடுக்குகளை இன்னொரு முறை நேராக்கினார். இந்த வகுப்பு போனால் அவருக்கு வேறொன்றும் இல்லை.

தாள்களைக் குழலாகச் சுருட்டி, முக்கோணம் முக்கோணமாக ஒட்டிய பாலத்தை மாணவி நாச்சியாள் கொண்டுவந்து வைத்தாள்.

"சதுரம்னா சாஞ்சிரும் சார். முக்கோணத்துல ஒண்ணைத் தள்ளுனா மத்த ரெண்டும் புடிச்சுக்கிடும்."

ஓர் அகராதி. இரண்டு. ஏழாவதற்குப் பாலம் முனகியது. ஆய்வாளரின் கை தானாக ஏந்தியை முடுக்கும் சுவர் விசையைத் தேடியது. பாலம் நின்றது! வகுப்பே கத்தித் தீர்த்தது. ஜெசிந்தா வெட்கத்தை விட்டுத் துள்ளினார். நம்ப முடியாத ஆய்வாளர் தன் பெட்டியையும் மேலே வைத்தார். அதையும் தாங்கியது.

"சார், நம்ம புது மேம்பாலத்துல தூணெல்லாம் ஒல்லியா இருக்கே," என்றாள் நாச்சியாள். "அது தானா நிக்குதா, இல்ல ஏந்தி புடிச்சிருக்கா?"

பாண்டுரங்கனுக்கு வியர்த்தது. அந்தப் பாலத்துக்குச் சான்று கொடுத்தவர் அவர்தான். விழவில்லை, ஆகவே உறுதி என்று எழுதியிருந்தார். கணக்குப் போட்டுப் பார்க்க அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

மூடல் உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் செருகினார்.

"திங்கக்கெழம எங்க இன்ஜினியர் பதினாறு பேரை இங்க படிக்க அனுப்புறேன் டீச்சர். தரையில ஒக்காந்துக்கிடுவாங்க." வாசல் வரை போனவர் திரும்பி நின்றார். "மேம்பாலத்துல ஏறாம ஆபீசுக்குப் போக வழி இருக்கா?"