குண்டம்மா சொல்லாத பதில்

"யாருங்க அது... என் மாட்டைத் தடவிக் கொடுத்துக்கிட்டு நிக்கிறது?"

மழைக்கு ஒதுங்கியவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "பயப்படாதேம்மா... நான் இருக்கேன்ல" என்று இருட்டுக் கொட்டகையில் அவன் இவ்வளவு நேரம் சமாதானப்படுத்தியது ஒரு பொம்மைப் பசுவை! கால்நடை மருத்துவ மாணவர்கள் சினைப் பரிசோதனை பழக, தார்ப்பாயும் டயர் ட்யூபும் வைத்து, அந்தக் கல்லூரி ஆசிரியையான அவளே செய்தது. செல்லப் பெயர் குண்டம்மா.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் இமையில் மழைத்துளி ஒன்று விழாமல் நின்றது. கண்ணா அது... போதும் பார்த்தது என்று மனசை அதட்டினாள்.

மறுநாள்தான் தெரிந்தது, அவன் வெளிநாட்டில் வளர்ந்த தமிழன், அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி ஆசிரியன். இரண்டு கல்லூரிகளும் ஆசிரியர்களையும் பாடக் கருவிகளையும் பகிர்ந்துகொள்ளலாமா என்று பார்க்க வந்திருக்கிறான். மாணவர்கள் முன்னால் குண்டம்மாவுக்குள் கையை விட்டவன் உதட்டைப் பிதுக்கினான்.

"கருப்பை ரொம்பக் கிட்ட இருக்கே. இதுல பழகினா நிஜ மாட்டுகிட்ட திணறுவாங்க."

சுருக்கென்றது அவளுக்கு. குண்டம்மாவை ஒதுக்கிவிட்டால், வகுப்பு மொத்தமும் மறுபடி அந்த ஒற்றைக் கிழப்பசுவைத்தான் பாடாய்ப் படுத்தும். அந்த வாயில்லா ஜீவனுக்காகத்தானே இத்தனை பாடுபட்டாள்? அதற்கப்புறம் அவனிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. பாழாய்ப்போன கண் மட்டும் அவன் பின்னாலேயே போனது...

கடைசியில் வீம்பை விழுங்கிக்கொண்டு அவன் எதிரே போய் நின்றாள்.

"கையுறையை மாட்டுங்க சார். எங்க மாட்டையே பாத்துடுங்க."

கொட்டகையில் நின்ற அந்தக் கிழப்பசு அவன் இடுப்புயரம்தான். உள்ளே கையை விட்டுத் துழாவினான்.

"முழங்கை உள்ளே போறதுக்குள்ளேயே கருப்பை கிடைச்சிடுச்சு..." என்றான் மெல்ல. பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினான். "எங்க ஊர் மாடெல்லாம் தோளுயரம். அந்தக் கணக்கையே இங்கேயும் போட்டுட்டேன். தப்பு என்னோடது. குண்டம்மா சரி."

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை.

மாலையில் மறுபடி மழை. அதே கொட்டகை.

"எங்களுக்கும் ஒரு குண்டம்மா வேணும்... உயரமா. நீங்களே வந்து செஞ்சு, ஒரு வருஷம் பாடமும் எடுக்கணும். அப்புறமும்... அங்கேயே இருக்கணும்."

"யார் கேக்கறது, கல்லூரியா?"

"ஒரு வருஷம் கல்லூரி கேக்குது. மீதியை நான் கேக்கறேன்."

"தெரியாத ஊரு... பயமா இருக்கே."

"பயப்படாதீங்க... நான் இருக்கேன்ல."

"இதையேதான் குண்டம்மாகிட்டயும் சொன்னீங்க!"

"சொன்னேன். அவ பதிலே சொல்லலையே..."

அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"நான் சொல்றேன். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. வரேன்."