நிலானியின் மயிற்பீலித் தொப்பி

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி. நிலானி பசெம்பூர் தின்பண்டப் பொட்டலங்களை மேசையில் வைத்துவிட்டுத் தன் கணினியைப் பார்த்தாள். மயிற்பீலித் தொப்பியைக் காணோம்.

சிரிக்க வேண்டாம். கணினி விளையாட்டில் ஒரு வீரனின் தலையில் இருக்கும் தொப்பிதான். அதைப் போட்டால் குண்டு துளைக்காது என்றெல்லாம் கிடையாது, வெறும் அழகு. ஆனால் என்ன அழகு! பச்சையும் நீலமுமாக மூன்று பீலிகள். வீரன் ஓட ஓட அவையும் ஆடும். ஐவருக்கு ஐவர் சுட்டுக்கொள்ளும் ஆட்டம் அது. திரையில் நம் இரண்டு கையும் துப்பாக்கியும் தெரியும். மற்றதெல்லாம் நம்மைக் கொல்ல வருபவை. தன் அணியில் நால்வரும் விழுந்த பிறகு, தனியொருத்தியாக எதிரணி முழுவதையும் சாய்த்து நிலானி வென்ற பரிசு அந்தத் தொப்பி. பினாங்கில் வேறு யாரிடமும் இல்லை. எதிரிகள் சுட மறந்து அதையே பார்த்து நின்று செத்திருக்கிறார்கள்.

திறந்து கிடந்த அவள் கணக்கிலிருந்து யாரோ அதைப் பெயர் தெரியாத ஒரு புதுக் கணக்குக்கு அன்பளிப்பாக அனுப்பியிருந்தார்கள். அணித்தோழி கிளாரிஸோடு அவள் சாப்பாடு வாங்கப் போயிருந்த நேரத்தில் நடந்த வேலை. அப்போது புலாவ் திக்குஸில் இருக்கும் அவள் வீட்டில் இரண்டே பேர்.

ஒருவன் அவள் தம்பி கஜன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் தூக்கம். அவனும் ஆடுவான். போன வாரம் ஒரே ஒரு ஆட்டத்துக்குத் தொப்பியைக் கேட்டு, அவள் மறுத்தபோது, "ஒருநாள் நானே எடுத்துக்கிறேன் பாரு" என்று கத்தியிருந்தான்.

மற்றவன் அணியின் நண்பன் மேத்யூ. ஆடினால் தலை சுற்றும் என்று துப்பாக்கியைத் தொடவே மாட்டான். ஆட்டங்களின் பதிவை எல்லாக் கோணத்திலும் பார்த்து, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து யூடியூபில் போடுவது அவன் வேலை. அந்தத் தொப்பிக்கு ரசிகர் கூட்டம் சேர்ந்ததே அவனால்தான். நாளைக்கு அதைத் தைவான்காரன் ஒருவனிடம் கொடுத்துத் ஆட்டத்துக்கான தங்கத் துப்பாக்கி வாங்கப்போவதாக நிலானி சொன்னதிலிருந்து அவன் முகம் சரியில்லை.

மேத்யூ தயங்கித் தயங்கித்தான் சொன்னான், கஜன் அக்காவின் கணினி முன் உட்கார்ந்து அந்தத் தொப்பியோடு ஆடியதைக் கதவோரம் நின்று பார்த்ததாக. அதற்குமேல் நிலானி எதையும் கேட்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியே திருடனா என்று அழுதாள். கஜன் தூங்கினேன் என்று ஒருமுறை சொன்னான். மறுமுறை சொல்லவில்லை. அறைக்குள் போய்த் துணிகளைப் பையில் அடைத்தான். நண்பனின் அறைக்குப் போகிறானாம், இனி வரமாட்டானாம்.

கிளாரிஸ் மட்டும் நிதானமாகப் பசெம்பூரைத் தின்றுகொண்டிருந்தாள். காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிப்பது அவள் தொழில். அவள் முன் கதை அளப்பவனைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும்.

"அது இந்தத் தொப்பிதான்னு எப்படித் தெரியும் மேத்யூ?"

"பாத்தேனே அக்கா. அவன் ஓடுறான், சுடுறான். திரையில பீலி ஆடுது. திரும்புறப்பெல்லாம் வலது பக்கம் சாயுது."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

கிளாரிஸ் கையைக் கழுவிவிட்டு வந்தாள். நிலானியின் வீரனுக்கு ஒரு பழைய வைக்கோல் தொப்பியை மாட்டி, ஆட்டத்தைத் தொடங்கி, மேத்யூவை நாற்காலியில் உட்காரவைத்தாள். பை தோளில் தொங்க, கஜனும் வாசலருகே நின்றுவிட்டான். மேத்யூ பொத்தானை அழுத்தினான். வீரன் ஓடினான். திரையில் இரண்டு கை, ஒரு துப்பாக்கி.

"தொப்பி எங்க தம்பி?"

மேத்யூ திரையை மேலும் கீழும் பார்த்தான். பிறகு தலை குனிந்தான்.

"ஆடுறவனுக்குத் தன் தொப்பி தெரியாது. பின்னால நிக்கிறவனுக்கும் தெரியாது," என்றாள் கிளாரிஸ். "எதிர்ல வர்றவன் பாப்பான், கூட ஓடுறவன் பாப்பான். நீ ஆடுனதே இல்ல. வீடியோவுலயே பாத்துப் பழகுன கண்ணு, அதையே சாட்சி சொல்லிடுச்சு."

அந்தப் புதுக் கணக்கு தன்னுடையதுதான் என்று மேத்யூ ஒப்புக்கொண்டான். விற்கவோ அணியவோ எடுக்கவில்லையாம். முன்பின் தெரியாத யாரோ ஒருவன் கைக்கு அது போவதை மனசு தாங்கவில்லையாம். எனக்கும் கொஞ்சம் புரிகிறது. கிளாரிஸுக்குப் புரியவில்லை.

"தொப்பிய எடுத்தத மன்னிக்கலாம்லா. கஜன் மேல பழி போட்டத எப்படி மன்னிக்கிறது?"

மேத்யூ தொப்பியைத் திருப்பி அனுப்பினான். கஜனிடம் மன்னிப்புக் கேட்டான். கஜன் அவனைப் பார்க்கக்கூட இல்லை. அக்காவைத்தான் பார்த்தான். நிலானி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கணினியில் எதையோ தட்டினாள். கஜனின் கைப்பேசி ஒலித்தது. மயிற்பீலித் தொப்பி, அன்பளிப்பாக, அவன் கணக்குக்கு.

"உன்ன நம்பாதது என் தப்பு," என்றாள். "ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போடா."

அவன் மடிக்கணினி பையின் அடியில் இருந்தது. அதை எடுக்க, மடித்து வைத்த சட்டையெல்லாம் வெளியே வந்தது.

ஆட்டம் தொடங்கியது. கஜனின் வீரன் முன்னால் ஓடினான். மூன்று பீலிகளும் ஆடின. அவன் திரும்பும்போதெல்லாம் வலது பக்கம் சாய்ந்தன. இத்தனை நாள் நிலானி தலையில் சுமந்த தொப்பி, இப்போதுதான் அவள் கண்ணெதிரே ஓடுகிறது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரி ஒருவன் அவளைச் சுட்டுச் சாய்த்தான்.

"என்னக்கா, சுடாம நிக்கிற?"

"தொப்பியப் பாத்துக்கிட்டு இருந்தேன்டா," என்றாள் நிலானி.