கீரிமலைக்கு இரண்டு ரிக்கற்

அந்தியேட்டிக்கு இன்னும் அறுபத்துமூன்று மணித்தியாலங்கள் இருந்தன.

மங்கையற்கரசி தேநீர் ஊற்றிக்கொண்டே மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். விமானத்துக்கு இருபத்துநான்கு. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வான் வண்டியில் ஏழு. பத்து மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால் போதும்.

மாமா இறந்து இன்று இருபத்தெட்டாம் நாள். கொள்ளி வைத்தது மாமாவின் அண்ணன் மகன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கீரிமலைக் கடலில் சாம்பலைக் கரைக்கவாவது ஒரே மகன் வருவான் என்று ஊரில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

அந்த ஒரே மகன், அவள் கணவர் தியாகலிங்கம், மேசையில் கைபேசியைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய அக்கா கமலாம்பிகை பக்கத்து நகரான யூனியன்வில்லிலிருந்து ஏழரை மணிக்கே வந்து இறங்கியிருந்தார்.

"தம்பி, வேட்டி சால்வை எல்லாம் இந்தப் பைக்குள்ளை கிடக்கு. ரிக்கற் எடுத்தாச்சோ?"

தியாகலிங்கம் இங்கே புலம்பெயர்ந்தவர்களின் ஊர்ச் சங்கத் தலைவர். கோடை ஒன்றுகூடலில் மைக்கைப் பிடித்தால் அரை மணித்தியாலம் தாய்மண்ணைப் பற்றிப் பேசுவார். கேட்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். இப்போது அவர் நிமிரவில்லை.

"அக்கா... உங்களுக்குத் தெரியுந்தானே. மங்கைக்கு உது சரிவராது. வீட்டிலை சண்டை வேண்டாமெண்டு பாக்கிறன்..."

மங்கையற்கரசியின் கை நின்றது. மீண்டுமா?

"ஓ! இந்த முறையும் மகாராணி விடமாட்டாவோ?" கமலாம்பிகை எழுந்தே விட்டார். "அம்மாவின்ரை செத்தவீட்டுக்குப் போகவிடாமல் பாஸ்போர்ட்டை ஒளிச்சு வைச்சாய்! பிள்ளை வருவான், பிள்ளை வருவான் எண்டு அந்த மனுசியை மூண்டு நாள் ஐசிலை வைச்சிருந்தவை... இப்ப அப்பாவின்ரை சாம்பலிலையும் கை வைக்கிறியோ? நாடு, ஊர் எண்டால் உனக்கு என்னடி தெரியும்?"

பதினொரு ஆண்டுகளுக்கு முன், சொந்தக்காரர் நிறைந்த இதே வீட்டில் அவள்தான் சொன்னாள்: "நான்தான் ஒளிச்சு வைச்சனான். அந்த நாட்டுக்கு இவரை அனுப்ப எனக்கு விருப்பமில்லை."

அது பொய். பொய்யென்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

அதன்பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவளை யாரும் ஆரத்தி எடுக்கக் கூப்பிடவில்லை. அதை அவளால் தாங்க முடிந்தது. ஆனால் நாட்டை வெறுத்தவள் என்று பெயரெடுத்தவள் அந்த நாட்டுக்குப் போக முடியாதே! நாலு வருடத்துக்கு முன் அவளைப் பெற்றவள் வட்டுக்கோட்டையில் இறந்தபோதும் அவள் போகவில்லை. அந்தியேட்டியைக் கைபேசித் திரையில் பார்த்தாள். கடல் நாற்பது விநாடி தெரிந்தது. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

தேநீரை மச்சாளின் முன் வைத்தாள். மேலே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கார்ச் சாவியோடு மகள் அட்சயா பின்னால் இறங்கினாள்.

"அம்மா, ஃபோர்-ஓ-வன் ஹைவே ஃபுல்லா ட்ராஃபிக். வீ ஷுட் கோ, லைக், நவ்."

"எங்கையடி போறாய்?" என்றார் கமலாம்பிகை.

"கீரிமலைக்கு."

"நீயோ! மருமகள் போய் அங்கை என்ன செய்யப்போறாய்?"

"கரைக்க விடாட்டில் கரையிலை நிக்கிறன், மச்சாள்." அவள் பெட்டியின் பிடியை இழுத்து நீட்டினாள். "செல் விழ விழ பங்கருக்குள்ளை இருந்து படிச்சு ஏ.எல். சோதினை எழுதின இடம் அது. என்ரை நாடு. இஞ்சை இருபத்தாறு வருசமா வாசலிலை சினோப் பனி தள்ளுறன். இதுவும் என்ரை நாடுதான். ரெண்டிலை ஒண்டுக்கும் நான் ஆரிட்டையும் அனுமதி கேக்கப் போறேல்லை!"

"மாமி, ப்ளீஸ், அம்மாவை விடுங்கோ," என்றாள் அட்சயா.

"நீ சும்மா இரு பிள்ளை!"

தியாகலிங்கம் பதறி எழுந்தார். "மங்கை, நில்லும்... சனம் என்ன சொல்லும்? தலைவர் போகேல்லை, மனுசி போட்டுதாம் எண்டு..."

"சொல்லட்டும்."

"அப்ப ஏன்டி அண்டைக்கு அவனை விடேல்லை?" கமலாம்பிகையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "நீ போகலாம், என்ரை தம்பி போகக்கூடாதோ? சொல்லடி... ஏன் விடேல்லை?"

மங்கையற்கரசி கணவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ. பதினொரு வருசம் உங்களுக்காக நான் சொன்னன். இண்டைக்குச் சொல்லமாட்டன். உண்மையையும் நான் சொல்லமாட்டன். அது உங்கடை வாயாலைதான் வரோணும்." கைப்பையைத் திறந்து இரண்டாவது ரிக்கற்றை மேசையில் வைத்தாள். "உங்களுக்கும் சேத்துத்தான் எடுத்தனான். வந்தால் உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டு நடப்பன். வராட்டில் தனியப் போவன். ஆனா இனி நீங்கள் எனக்குப் பின்னாலை ஒளிய ஏலாது."

அட்சயா வாசற்கதவைத் திறந்தாள். பெட்டியின் சில்லுகள் தரையில் உருண்டன.

"நில்லும்..."

தியாகலிங்கம் மாடிப்படியில் அமர்ந்துவிட்டார். மைக் பிடித்த அந்தக் குரல் அவரிடம் இல்லை.

"அக்கா... ஒருத்தரும் ஒண்டையும் ஒளிக்கேல்லை. அம்மா செத்த நேரம் நான் எயர்போட்டுக்குப் போனனான். கியூவிலை நிண்டனான். கட்டுநாயக்காவிலை திரும்ப அந்த ஆமி யூனிஃபோமைப் பாக்கோணும் எண்டு நினைக்க... பத்தொன்பது வயசிலை அவங்கள் என்னைப் பிடிச்சுக்கொண்டுபோய் வைச்சிருந்த அந்த இருபத்துமூண்டு நாளும்..."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கார் பார்க்கிங்கிலை நாலு மணித்தியாலம் இருந்து அழுதனான். இவள்தான் வந்து கூட்டிக்கொண்டு போனவள். சனத்துக்கு முன்னாலை நான் தலைகுனியக் கூடாதெண்டு பழியைத் தான் எடுத்தவள். அம்மாட்டைப் போகவிடாமல் இவள் மறிக்கேல்லை அக்கா... நான்தான் பயந்து திரும்பி வந்தனான்."