துடுப்பு சுவரில், படகு கடலில்

சித்தப்பா இறந்த பிறகு, அவருடைய படகிலிருந்து ஒவ்வொரு பொருளாகக் காணாமல் போயிற்று. திருடன் வரவில்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

“தம்பி ஞாபகமா இருக்கட்டும்” என்று அப்பா துடுப்புகளை எடுத்துவந்து கூடத்துச் சுவரில் மாட்டினார். அத்தை நங்கூரத்தைக் கொண்டுபோய்க் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்தார். இன்ஜினை மூத்த அண்ணன் கழற்றித் தன் அறையில் வைத்து, தினமும் துடைத்தான். தடித்த கயிற்றைக்கூட யாரோ கொண்டுபோய்விட, படகைத் துணி காயப்போடும் கொடியால் கட்டிவைத்தார்கள்.

டமாரமும் சும்மா இருக்கவில்லை. படகில் தேங்கும் நீரை இறைக்கிற குவளையை எடுத்துவந்து அதில் பேனா போட்டுவைத்திருந்தாள்.

டமாரம் என்பது சித்தப்பா வைத்த பெயர். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு பெயரா என்று கேட்காதீர்கள். அவள் தெருமுனையில் பேசினால் துறைமுகத்தில் கேட்கும். ஆனால் சித்தப்பா போன நாளிலிருந்து அந்த டமாரத்தில் சத்தமே இல்லை. பள்ளி விட்டதும் நேராகப் படகுக்கு வருவாள். அடிப்பலகையில் படுத்து, யாருக்கும் தெரியாமல் கொஞ்ச நேரம் அழுவாள். வீட்டில் அழ முடியாது. அங்கே சித்தப்பாவின் மகன் பட்டாணி இருந்தான். ஏழு வயது. அவன் எதிரில் யாரும் அழக்கூடாது என்பது பெரியவர்களின் உத்தரவு.

ஏனென்றால் பட்டாணியிடம், “அப்பா கடல்ல ரொம்ப தூரம் போயிருக்கார்” என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

அன்று பள்ளி அரை நாள்தான். மதியமே வந்து படுத்த டமாரம், அழுத களைப்பில் தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது படகு தொட்டில் மாதிரி ஆடியது. எழுந்து பார்த்தாள். இந்தப் பக்கம் தண்ணீர். அந்தப் பக்கமும் தண்ணீர். கரை, யாரோ பென்சிலால் கோடு போட்டு அழித்தது போல மங்கலாகத் தெரிந்தது.

படகின் முனையில் பட்டாணி கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“டேய்! நீ எப்படிடா இங்க?”

“ஷ்ஷ். கத்தாதே அக்கா. தேடிட்டு இருக்கேன்.”

“கொடியை யாரு அவிழ்த்தது?”

“நான்தான். நீ தூங்கிட்டு இருந்தே. எழுப்ப வேண்டாம்னு விட்டுட்டேன்” என்றான், பெரிய உதவி செய்தவன் போல.

டமாரம் துடுப்பைத் தேடினாள். அது சுவரில் இருந்தது. நங்கூரத்தைத் தேடினாள். அது கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது. சித்தப்பா மீது எல்லோரும் வைத்திருந்த பாசத்தில் அந்தப் படகு துருவி எடுத்த தேங்காய் மூடி போலச் சுத்தமாக இருந்தது.

கத்திப் பார்த்தாள். துறைமுகத்துக்கே கேட்கும் குரல், கடலுக்குள் ஒரு கொசுவின் பாட்டாகிப் போயிற்று. நீந்திப் போகலாமா? பட்டாணிக்கு நீந்தத் தெரியாது. தவிர, படகை விட்டு இறங்கக்கூடாது என்பது துறைமுகத்துப் பிள்ளைகள் நடக்கும் முன்பே கற்றுக்கொள்ளும் பாடம்.

காற்று கரையிலிருந்து வீசி அவர்களைத் தள்ளிக்கொண்டே போனது. வெயில் சுட்டது. டமாரத்தின் பள்ளிப்பையில் பாதி பாட்டில் தண்ணீரும் கொஞ்சம் பிஸ்கெட்டும் இருந்தன.

“இந்தா, ரெண்டு மடக்குக் குடி.”

பட்டாணி தலையை ஆட்டினான். “வேண்டாம்.”

“உதடெல்லாம் காய்ஞ்சு கிடக்கு. குடிடா!”

“அப்பாவுக்கு வேணும். அவர் போய் எவ்வளவு நாளாச்சு! தாகமா இருப்பார் இல்ல?”

டமாரம் மூடியைத் திறந்து பாட்டிலை அவன் கையில் திணித்தாள்.

பொழுது சாயும்வரை கெஞ்சினாள், மிரட்டினாள், கிச்சுக்கிச்சு மூட்டினாள். பட்டாணி அசையவில்லை. அவன் உதடு வெடித்திருந்தது. குரல் கம்மிப்போயிருந்தது. ஆனாலும் பாட்டிலை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அப்பாவுக்கு” என்றான்.

இப்படியே விட்டால் இவன் தாங்க மாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. பெரியவர்கள் சொன்ன அந்தப் பொய் படகில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து, இருக்கிற தண்ணீரைப் பறித்துக்கொண்டிருந்தது.

“பட்டாணி, இங்க வா. என் பக்கத்துல உட்காரு. சித்தப்பா கடல்ல இல்லடா.”

“பின்ன எங்க?”

“எங்கயும் இல்ல. ஆஸ்பத்திரியில மூச்சு நின்னு போச்சு. செத்துப் போயிட்டார்.”

பட்டாணி பாட்டிலை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான்.

“எறும்பு சாகுமே, அந்த மாதிரியா?”

“ம்.”

“திரும்ப வரவே மாட்டாரா?”

“மாட்டார்டா கண்ணா.”

“அப்போ ஏன் எல்லாரும் பொய் சொன்னீங்க?”

“நீ அழுவேன்னுதான்.”

“அழுதா என்ன?”

பட்டாணி அழுதான். டமாரமும் அழுதாள், இத்தனை நாள் சேர்த்துவைத்த சத்தம் முழுவதையும் போட்டு. கடல் ஒன்றும் சொல்லவில்லை. உப்புத் தண்ணீர் அதற்குப் புதிதா என்ன?

அழுது முடித்து, பட்டாணி தானாகவே பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தான்.

இருட்டியதும் நட்சத்திரங்கள் வந்தன. ஊரில் மாடிக்குப் போய்த் தேடிப்பிடிக்கிற நட்சத்திரங்கள் அல்ல. வானம் முழுக்கக் கொட்டிக் கிடந்தவை, தண்ணீரிலும் சிந்திக் கிடந்தவை. எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. “இவ்வளவும் தினமும் இருக்கா?” என்று பட்டாணி கிசுகிசுத்தான். பயப்படக்கூட மறந்து பார்த்துக்கொண்டே, ஒருவர் மீது ஒருவர் சாய்ந்து தூங்கிப்போனார்கள்.

விடிந்தபோது படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். குவளைதான் பேனாக்களோடு வீட்டில் சுகமாக இருக்கிறதே! டமாரம் பிஸ்கெட் டப்பாவைப் பட்டாணியிடம் கொடுத்தாள். “நீதான் இனிமே தண்ணி இறைக்கிற அதிகாரி.” அதிகாரி உடனே வேலையை ஆரம்பித்தார்.

அப்போதுதான் அவள் பறவைகளைப் பார்த்தாள். தூரத்தில் கூட்டமாகச் சுற்றி, கல் விழுவது போலத் தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்தன.

மீன்கூட்டம் மேலே வந்தால் பறவை இறங்கும். பறவை இறங்கினால் மீன்பிடிப் படகுகள் ஓடிவரும். டமாரம் உட்காரும் குறுக்குப்பலகையை ஆட்டி ஆட்டிக் கழற்றினாள். அதையே துடுப்பாக்கிப் பறவைகளை நோக்கி வலித்தாள்.

“அக்கா! கரை பின்னாடி இருக்கும். நீ இன்னும் உள்ளே போறே!”

“தெரியும்டா. எதிர்க்காத்துல இந்தப் பலகையை வெச்சுக் கரைக்குப் போக முடியாது. படகு வர்ற இடத்துக்குப் போகலாம்.”

“வரலைன்னா?”

அவளுக்கும் அதே பயம்தான். கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் வேகமாக வலித்தாள். “வரும். நீ இறை” என்றாள்.

உள்ளங்கை கொப்பளித்தது. பறவைகள் கிட்டே வந்தன. படகைச் சுற்றிக் கடல் கொதிப்பது போலப் பொடிமீன்கள் துள்ளின. திடீரென்று பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே எழும்பின.

பக்கத்தில் தண்ணீர் மெதுவாக உயர்ந்தது. ஒரு கரிய மேடு வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. தெருவில் ஒரு வீட்டைத் தாண்டி அடுத்த வீடு, அதற்கும் அடுத்த வீடு என்று போவது போல, அது முடியவே இல்லை. பிறகு அந்த மேடு மூச்சு விட்டது. புஸ்ஸ்ஸ்! மரத்தின் உயரத்துக்கு நீர்த்தூள் கிளம்பி, இருவர் மீதும் மழையாகப் பெய்தது. மீன் நாற்றமடிக்கும் மழை.

திமிங்கிலம்!

ஒரு கண் தண்ணீருக்கு மேலே வந்தது. அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு சின்னக் கண். அது டமாரத்தைப் பார்த்தது. பட்டாணியைப் பார்த்தது. அவசரமே இல்லாமல், நெடுநேரம் பார்த்தது. டமாரத்தின் கையிலிருந்த பலகை தானாகத் தாழ்ந்தது. தான் இவ்வளவு சின்னவள் என்று அவளுக்கு எப்போதுமே தோன்றியதில்லை. ஆச்சரியம், அது கவலையாகவே இல்லை.

“அக்கா, அது நம்மளைத் தின்னுமா?” பட்டாணியின் குரல் வெறும் காற்றாக வந்தது.

“அது பொடிமீன்தான் தின்னும்டா.”

“நானும் பொடியாத்தானே இருக்கேன்!”

திமிங்கிலத்துக்கு அதில் ஆர்வமில்லை போலும். ஒரு துளிகூடத் தெறிக்காமல், வந்த மாதிரியே இறங்கிப் போயிற்று. படகு மட்டும் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது.

அந்த அமைதியில்தான் டுக் டுக் டுக் என்று இன்ஜின் சத்தம் கேட்டது. டமாரம் பலகை மேல் பள்ளிப்பையை மாட்டித் தூக்கிப் பிடித்துக் கத்தினாள். இந்த முறை கேட்டது.

“மீன் பிடிக்க வந்தா பிள்ளைங்க மாட்டுது!” என்று மீசைக்காரப் படகுக்காரர் ஒருவர் இருவரையும் தூக்கி ஏற்றினார். “ஊரே உங்களைக் கரையோரமாத் தேடுது. நீங்க இங்க இருக்கீங்க. துடுப்பு எங்கம்மா?”

“எங்க வீட்டுச் சுவர்ல.”

“நங்கூரம்?”

“அத்தை வீட்டுக் கதவுல.”

“இன்ஜின்?”

“அண்ணன் ரூம்ல, பளபளன்னு இருக்கு.”

படகுக்காரர் மீசையைத் தடவினார். “புத்தியையாவது வீட்டுல விட்டுட்டு வராம எடுத்துட்டு வந்தியே!” என்று சிரித்து, தண்ணீர்க் குடத்தை நீட்டினார்.

கரையில் சித்தி மணலில் விழுந்து எழுந்து ஓடிவந்தார். பின்னாலேயே அப்பா, அம்மா, அத்தை, மூத்த அண்ணன்.

“எங்கடா போனே? எங்கடா போனே?” என்று சித்தி மகனைப் பிடித்து உலுக்கினார்.

“அப்பாவைத் தேடிப் போனேன்.”

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா தொண்டையைச் செருமினார். “அதாவதுடா பட்டாணி, உங்க அப்பா ரொம்ப தூரம்...”

“பெரியப்பா, அப்பா செத்துட்டார். அக்கா சொல்லிட்டா.”

எல்லாத் தலைகளும் டமாரத்தின் பக்கம் திரும்பின. திமிங்கிலத்தின் கண்ணே பரவாயில்லை போலிருந்தது அவளுக்கு.

சித்தி மட்டும் பட்டாணியையே பார்த்தார். முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

“அழுதியாடா?”

“ம். ரொம்ப.”

“தனியாவா?”

“இல்லம்மா. அக்காவும் அழுதா.”

சித்தி கையை நீட்டி டமாரத்தையும் இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு, மகன் எதிரில் முதன்முறையாக, வாய்விட்டு அழுதார். அப்பா அழுதார். அத்தை அழுதார். மூத்த அண்ணன் கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே அழுதான்.

பட்டாணி அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

“நல்லா அழும்மா. ஆனா முடிச்சதும் பயங்கரமாப் பசிக்கும், இப்பவே சொல்லிட்டேன்.”

அவன் சொன்னது சரிதான். அன்று வீட்டில் எல்லோரும் இரண்டு முறை தட்டை நீட்டினார்கள். டமாரம் மூன்றாவது முறை கேட்ட குரல் துறைமுகம்வரை கேட்டது.